சாமிக்குப் போட்ட இலை

என் கணவர் வீட்டுக்குத் திரும்பி வந்த அன்று நான் அவர் காலில் விழுந்தேன். அப்படி விழுந்துதான் அவரைத் திருப்பி அனுப்பினேன். கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தால்கூட வேலை இவ்வளவு சுத்தமாக முடிந்திருக்காது.

எங்கள் தெருவில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். அவர்கள் கண்ணால் பார்த்தது வேறு. சந்நியாசம் வாங்கிய கணவர் வாசலுக்கு வந்தார், மனைவி இலை போட்டுப் பிட்சை படைத்தாள், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மனசு யாருக்கு வரும் டீச்சர்?" என்று கண் கலங்கினாள். என் மனசு யாருக்கும் வர வேண்டாம். நல்லாயிருக்கட்டும் அவள்.

அவர் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். செங்கம் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் எங்கள் வீடு. மாடி அறைகளை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். நான் பெண்கள் பள்ளியில் டீச்சர், அவர் அரசாங்க உத்தியோகம். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காவி கட்டிய மனிதர்கள் மின்கம்பம் மாதிரி. எங்கெங்கிருந்தோ வருவார்கள், உட்காருவார்கள், ஒரு நாள் பார்த்தால் இருக்க மாட்டார்கள். நம் வீட்டிலிருந்தே ஒரு ஆள் கிளம்பிப் போய் அந்த வரிசையில் உட்காருவார் என்று யார் கண்டது?

மகளுக்குக் கல்யாணம் முடிந்து அவள் பெங்களூருக்குப் போனதும் ஆரம்பித்தது. மீனும் கறியும் அதற்குப் பல வருஷம் முன்னாலேயே போயிருந்தன. அவர் தொடமாட்டார் என்பதால் நானும் சமைப்பதில்லை. இப்போது வெங்காயம் போயிற்று, பூண்டு போயிற்று. கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டுப் படுத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரோ இல்லையோ, "இந்தா, நீ சம்மதம் குடுக்கணும்" என்று பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டதெல்லாம் "இந்தா" என்றுதான். பெயர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

சந்நியாசம் வாங்க மனைவியின் சம்மதம் வேண்டும் என்று குளத்தங்கரை மடத்துப் பெரிய சாமி கறாராகச் சொல்லிவிட்டாராம். காலையில் காபி கொடுக்கும்போது கேட்பார். சாயந்திரம் துணி மடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். ஒரு நாள் குக்கர் கத்துகிறது, பால் பொங்குகிறது, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, மனிதர் சமையலறை வாசலில் நின்று அதையே கேட்கிறார். எங்கிருந்துதான் வந்ததோ அந்த ஆத்திரம். "போங்க, எங்கியோ போய்த் தொலைங்க!" என்று கரண்டியை விட்டெறிந்தேன். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "சம்மதம் குடுத்துட்ட" என்றார். அடப் பாவி மனுஷா!

பெரிய சாமி என்னையும் கூப்பிட்டு வைத்துக் கேட்டார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். மடத்தில் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஷத்தில் தலையை ஆட்டிவிட்டேன். என் கணவர் குளத்தில் இறங்கினார். தனக்குத் தானே கருமாதி செய்துகொண்டு, தன் பெயருக்குத் தானே பிண்டம் வைத்துவிட்டு, காவியைக் கட்டிக்கொண்டு கரை ஏறினார். இனி இவருக்கு வீடு கிடையாது, உறவு கிடையாது, செத்தவருக்குச் சமம் என்றார்கள். "அப்போ என் தாலி?" என்று கேட்டேன். பெரிய சாமிதான், "அது உன் இஷ்டம்மா" என்றார். நான் கழற்றவில்லை. அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு கொட்டகையில் உயிரோடு உட்கார்ந்திருக்கப் போகிறவருக்காக நான் எதற்குக் கழற்ற வேண்டும்?

அன்று வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். சட்டை, பேண்ட் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரே ஒரு வேட்டியைக் காணோம். மகள் கல்யாணத்தில் கட்டிக்கொள்ள நான் பார்த்துப் பார்த்து எடுத்த வெள்ளை வேட்டி, பச்சைக் கரை போட்டது. எல்லாவற்றையும் விட்டவர் அதை மட்டும் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தார். காவி கட்டியவருக்கு வெள்ளை வேட்டி எதற்கு? திரும்பி வருவதற்குத்தானே? பீரோவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்த அழுகையில் பாதி சந்தோஷம்.

முதல் வருஷம் முழுக்க கேட் சத்தம் கேட்டால் ஓடினேன். பால்காரர் வந்தாலும் ஓடினேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் போய் அவரைப் பார்த்துவிட்டு வருவேன். "நல்லா இருக்கியா?" என்று கேட்பார். "இருக்கேன்" என்பேன். வேட்டியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தனியாக இருப்பது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

விடிவதற்கு முன்னால் எழுப்பிக் காபி கேட்க ஆள் இல்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு கண்ணாடி எங்கே என்று வீட்டைப் புரட்டிப்போட ஆள் இல்லை. கட்டிலில் குறுக்கே படுத்தேன், நினைத்த நேரத்தில் எழுந்தேன். நானும் ஓய்வு பெற்றுவிட்டேன், கேட்க வேண்டுமா! ஒரு நாள் மார்க்கெட்டில் நெத்திலிக் கருவாடு வாங்கி, பையின் அடியில் போட்டு, மேலே கீரையை வைத்து மூடிக்கொண்டு வந்தேன். புளி கரைத்து, கத்தரிக்காய் போட்டு, பூண்டைத் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன். அடேயப்பா, அந்த முதல் வாய்! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கருவாடுதான்.

கூடவே மரியாதையும் வந்தது. தெருவில் "சாமியார் வூட்டம்மா" ஆகிவிட்டேன். புருஷனோடு சண்டை போட்ட பெண்கள் என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். மாடியில் தங்கிய வெளிநாட்டுக்காரம்மா, எல்லாவற்றையும் விடுவது எப்படி என்று கற்றுக்கொள்ளக் கடல் தாண்டி வந்தவர், என் கதையைக் கேட்டுவிட்டு என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நானும் சும்மா இருக்கவில்லை. பற்று, பாசம், மாயை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேச ஆரம்பித்தேன். மகள் ஒரு முறை போனில், "அம்மா, நீ அப்பாவ விட ஜாஸ்தி சாமியார் ஆயிட்ட" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

உண்மை என்னவென்றால், அவர் எல்லாவற்றையும் விட்டார், அவர் விட்டதை நான் பிடித்துக்கொண்டேன். அவர் சாமியாராக இருந்தால்தான் எனக்கு இந்தக் கட்டில், இந்தக் குழம்பு, இந்த மரியாதை. துறவின் மேல் இப்படியும் ஒரு பற்று வரும் என்று எந்தப் பிரசங்கத்திலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் கேட்டிருப்பேனா?

போன ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. தெரு முனையில் நிற்கிற ஆட்டோக்காரர்தான் வந்து சொன்னார். "சாமிக்கு ஜொரம் ஜாஸ்தியா கீதாம் டீச்சர். கொட்டாயில ஒரே ஈரம். காலு வேற வீங்கிப் போச்சி. நீங்க வர்றீங்களா, இட்டுனு போறேன்?" எனக்கு முட்டி வலிக்கிறது என்றேன். கஞ்சி காய்ச்சி, மாத்திரை வாங்கி, ஆட்டோக்காரரிடமே கொடுத்து அனுப்பினேன். முட்டி வலி பொய் இல்லை. ஆனால் அதே முட்டியோடு மறுநாள் மார்க்கெட்டுக்கு நடந்து போனேன்.

தீபத் திருவிழா முடிந்து, ஊரில் கூட்டம் வடிந்து, கொஞ்சம் மூச்சு விட முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் பதினொரு மணி இருக்கும். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"இந்தா" என்று குரல்.

வெளியே வந்து பார்த்தேன். தாடி இல்லை. முடி வெட்டி, முகம் மழித்து, குளித்துவிட்டு வந்திருந்தார். இடுப்பில் அந்தப் பச்சைக் கரை வேட்டி, மடிப்புகூடக் கலையவில்லை. தோளில் பை, கக்கத்தில் சுருட்டிய போர்வை. முதல் தீபாவளிக்கு மாமனார் வீட்டு வாசலில் வந்து நிற்கிற மாப்பிள்ளை மாதிரி கூச்சமாக ஒரு சிரிப்பு வேறு.

அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. எந்த வேட்டிக்காக ஒரு வருஷம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேனோ அந்த வேட்டி வந்து நிற்கிறது. ஐயோ, வந்துட்டாரே! எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். உள்ளே கருவாட்டு வாசனை தூக்குகிறது. மாடியில் அந்த வெளிநாட்டுக்காரம்மா. 'காவிய அவுத்துப் போட்டுட்டு வந்துட்டாராமே' என்று நாளைக்குப் பேசப் போகிற வாய்கள் எல்லாம் என் காதுக்குள் பேசிவிட்டன.

"வாங்க சாமி!" என்றேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அதுவரை நான் அவரைச் சாமி என்று கூப்பிட்டதே இல்லை. அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "உள்ள வரட்டுமா?" என்று கேட்டார். சொந்த வீட்டில் கேட்கிறார்.

"இருங்க சாமி, இங்கியே நல்லா காத்து வரும்" என்று வண்டி நிறுத்துகிற இடத்தில் மணைப் பலகையைப் போட்டேன். எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "சாமி வந்திருக்காரு, கொழந்தைய எடுத்துட்டு வா, ஆசீர்வாதம் வாங்கிக்கோ!" அவள் வந்துவிட்டால் அவர் எதையும் பேச முடியாது. அந்தக் கணக்கு எனக்கு எவ்வளவு வேகமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் காலைக் கழுவினேன். சாமி வந்தால் அதுதானே முறை. கணுக்கால் உப்பியிருந்தது. என் விரல் அழுந்திய இடத்தில் பள்ளம் விழுந்து, மேலே எழும்பாமல் அப்படியே நின்றது.

"வீக்கம் கம்மியாவே மாட்டேங்குது" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "அங்க தரையெல்லாம் ஈரம். முடியல இந்தா."

எதிர்வீட்டுப் பெண் குழந்தையோடு கேட்டுக்கு வந்துவிட்டாள். நான் நிமிர்ந்து சிரித்துக்கொண்டே, "ஒடம்பு சாமிக்குச் சட்டை மாதிரிதானே, கிழிஞ்சா இன்னா?" என்றேன். சொன்னேன், இந்த வாயால்தான் சொன்னேன். அவள் ஆகா என்று தலையை ஆட்டினாள்.

இலையைப் போட்டேன். அவர் மூக்கை உறிஞ்சினார். "நெத்திலியா?" என்றார்.

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "மாடியில இருக்கறவங்க…" என்று இழுத்தேன். மாடியில் இருக்கிற அம்மா முட்டைகூடத் தொடாதவர்.

"இருக்கட்டும். அதையே போடு" என்றார். "நீ சாப்புடறதையே எனக்கும் போடு."

யார் சொல்வது? கருவாடு இருந்த பாத்திரத்தை வீட்டுக்குள்ளேயே விடாத மனிதர். இதற்கு மேல் ஒரு ஆள் எப்படிக் கேட்க முடியும்? கொள்கையை விட்டு, கௌரவத்தை விட்டு, வெறும் ஆளாக வந்து என் வாசலில் உட்கார்ந்து என் குழம்பைக் கேட்கிறார். "ஐயையோ! சாமிக்குப் போய் அதைப் போடுவாங்களா? நரகத்துக்குத்தான் போவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், தயிர் சாதம் பிசைந்து, எலுமிச்சை ஊறுகாயோடு கொண்டுவந்து வைத்தேன்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுப் பெண் கேட்டாள், "இன்னா டீச்சர், சாமி வெள்ளையில வந்திருக்காரு?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், "மழையில காவி காஞ்சிருக்காது. அதான். இல்லீங்க சாமி?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை, நான் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். பாடம் புரியாத பிள்ளைக்குக் கடைசியில் புரிந்துவிட்டால் ஒரு முகம் காட்டுமே, அப்படி ஒரு முகம். "ஆமாம்மா" என்றார் அவளிடம். கையைக் கழுவிக்கொண்டு வந்து, தன் காலடியில் அவள் போட்ட குழந்தைக்கு விபூதி பூசினார். நானும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"போதும், எந்திரி" என்றார் மெதுவாக. "சும்மாதான் வந்தேன். பாத்துட்டுப் போலாம்னு."

போர்வையைச் சுருட்டிக்கொண்டு யாராவது சும்மா பார்க்க வருவார்களா? என் பொய்க்குப் பக்கத்தில் தன் பொய்யையும் வைத்து என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் அந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசை. ஆனால் இறங்கியது, இரண்டாவது தடவையும் போட்டுக்கொண்டேன்.

சாயந்திரம் மகள் போன் செய்தாள். குரலில் அவ்வளவு குஷி. "அம்மா, அப்பா வந்துட்டாரா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"அவரே யார் போன்லேர்ந்தோ பேசுனாரு. ஒடம்பு முடியலடி, வூட்டுக்குப் போலாம்னு இருக்கேன், ஒங்கம்மா சேத்துக்குவாளானு கேட்டாரு. இன்னாப்பா இப்படிக் கேக்கறீங்க, அம்மா வாசலையேதான் பாத்துட்டு இருக்கா, ஒடனே போங்கனு சொன்னேன். பக்கத்துல இருக்காரா? குடு."

"வந்தாரு. சாப்ட்டாரு. போயிட்டாரு."

"போயிட்டாரா? ஏம்மா?"

"சாமியாருடி. வூட்டுல தங்குவாங்களா?" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் கேட்டது. போனை மேஜை மேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்கு மேல் அந்தக் கட்டிலில் நான் நிம்மதியாகப் படுத்த நாள் இல்லை.

உடனே ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. என்ன முகத்தோடு போவது என்று நாளைத் தள்ளினேன். அவரே இன்னொரு தரம் வருவார், அப்போது உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். கீழ் அறையை ஒழித்துக் கழுவினேன். அவருக்குக் கால் நீட்ட வசதியாகக் கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டேன். கேட் சத்தம் கேட்டால் மறுபடியும் ஓட ஆரம்பித்தேன். பால்காரர்தான்.

பௌர்ணமி வந்தது. சாம்பார் சாதம் கிளறித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, முனை ஆட்டோக்காரரையே கூட்டிக்கொண்டு, வெயில் தாழ்வதற்குள் அடி அண்ணாமலைக்குப் போனேன். பாதையில் அப்போதே சனம் வர ஆரம்பித்துவிட்டது. "வண்டியத் திருப்பி நிறுத்துங்க, சாமியக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். தப்பு என்னுது, எழுந்திரிங்க, வூட்டுக்குப் போலாம். அவ்வளவுதான், நீட்டி முழக்க வேண்டாம்.

சாதுக்கள் வரிசையாகப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர். தாடி வளர ஆரம்பித்திருந்தது. காலை நீட்டி வைத்திருந்தார், வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. இடுப்பில் காவி. கிட்டே போன பிறகுதான் பார்த்தேன், அந்தக் காவி ஓரத்தில் ஒரு கரை இருந்தது. சாயத்தில் முங்கி, பச்சை மங்கி, சாணி நிறத்துக்கு வந்திருந்த கரை. கல்யாண வேட்டியைக் காவியில் நனைத்துக் கட்டியிருந்தார்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்த பேச்சு எங்கே போயிற்றோ. தூக்கோடு அவர் முன்னால் குந்தினேன். "என்னாங்க" என்றேன். "ஆட்டோ நிக்குது. வாங்க வூட்டுக்கு. ரூம் ஒழிச்சி வச்சிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. வரிசையில் யார் வந்து குந்தினாலும் பார்ப்பாரே, அப்படித்தான் பார்த்தார். பிறகு பாத்திரத்தை நீட்டினார்.

"கொஞ்சமாப் போடும்மா" என்றார். "பின்னாடி நெறைய பேரு இருக்காங்க."

போட்டேன்.